எனக்கும் இடம் விட்ட பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு காலை. போத்தனூரில் எங்கள் வீட்டில் காபி போட எழுந்த என் மனைவி அடுப்படியிலேயே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அடக்கம் என்று முடிவானது. சவப்பெட்டி வாங்க அவளுடைய தம்பி கிளம்பினார். "நீங்க வர வேண்டாம் மாமா, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் என்னோடு வாழ்ந்தவள். பக்கத்தில் இருக்கிற ஊட்டிக்குக்கூட அவளை நான் கூட்டிப்போனதில்லை. அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்றே ஓட்டிவிட்டேன். இதையாவது குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

கடையில் நுழைந்ததுமே ஒரு பெட்டியைக் கைகாட்டினேன். முகம் தெரிகிற அளவுக்கு பாலிஷ், வெள்ளி நிறக் கைப்பிடிகள், உள்ளே வெல்வெட் மெத்தை. கடையை நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பில் புத்தகத்தை எடுத்தவர், எழுதாமல் என்னையே பார்த்தார்.

"ஏனுங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. எந்தக் கல்லறையிலீங்க?"

சொன்னேன்.

"அங்க இடமே இல்லீங்களே. குடும்பத்துக்கு ஒரு குழிதானுங்க. பின்னால நீங்களும் அதே குழியிலதானுங்களா?"

மைத்துனருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னங்க பேசறீங்க? அக்காளையே இன்னும் எடுக்கல. அதுக்குள்ள மாமாவுக்குக் குழி பாக்கறீங்களா?"

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நானும் ஒரு நாள் அவளோடுதான் போய்ச் சேரப்போகிறேன் என்பது அதுவரை மனதில் தோன்றவே இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

"அப்படின்னா இந்தப் பெட்டி வேண்டாமுங்ணா. உள்ள பூரா ஃபோமும் நைலான் வெல்வெட்டும். எத்தன வருசமானாலும் மக்காது. மக்கினாத்தானுங்க அதே குழியில அடுத்தவங்கள வெக்க முடியும். எங்க ஊட்டுக்காரர நான் இது மாதிரிப் பெட்டியிலதான் வெச்சேனுங்க. பதினாலு வருசம் கழிச்சு எங்க மாமியார் போனாங்க. மகன் கூடவே வெக்கோணும்னு சொல்லிட்டேதான் கண்ண மூடுனாங்க. குழியத் தோண்டிப் பாத்தா பெட்டி பாதி அப்படியே கெடக்குது. திரும்ப மூடிப்போட்டாங்க. அவங்கள வேற எங்கியோதானுங்க வெச்சோம்."

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மைத்துனரே, "வேற பெட்டி காட்டுங்க" என்றார்.

கடையின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு பெட்டியைக் காட்டினார். வால்பாறை எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரத்தின் பலகை. பாலிஷ் இல்லை, பெயிண்ட் இல்லை. கைப்பிடிக்குத் தேங்காய் நார்க் கயிறு. "இது மண்ணோட மண்ணாயிருமுங்க. உள்ள விரிக்க அவங்க கட்டுன நூல் சேலை ஒண்ணு போதும்" என்றார்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் உறவுக்காரர் ஒருவர், "என்னப்பா, பழப்பெட்டியாட்ட இருக்குது?" என்று என் காதுபடவே கேட்டார். ஒரு கணம் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பதில் சொன்னவர் மைத்துனர். "அக்காளும் மாமாவும் ஒண்ணா இருக்கறதுக்குங்க" என்றார். பிறகு நாங்கள் இருவரும் அவளுடைய நீலக் கட்டம் போட்ட சேலையை உள்ளே விரித்தோம். சுருக்கம் விழுந்த இடங்களை அவர் ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து நன்றி சொல்லக் கடைக்குப் போனேன். அந்தப் பெண்மணிக்கு என்னை அடையாளம் தெரியச் சற்று நேரமானது. தெரிந்ததும், "சாப்டீங்களாண்ணா? நேரத்துக்குச் சாப்புடறீங்களா?" என்றுதான் கேட்டார். நான் சொல்ல வந்த நன்றியைச் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. விலை கூடிய பெட்டியை விற்றுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். தன் காயத்தைத் திறந்துகாட்டி அன்று அவர் தடுத்ததால்தான், என்றைக்காவது நானும் அவள் பக்கத்தில் போய்ப் படுக்கலாம் என்ற நிம்மதியோடு மிச்ச நாட்களை வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.