மூன்று டேங்க் பொறுமை

ஒரு இடத்தில் உட்கார்ந்தால் மங்காட்டுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். பதினேழு வயதில் பாலே ஆற்றங்கரையில் ஊரே ஒரு கூரையின் கீழ் வாழும் நீள்வீட்டை விட்டுக் கிளம்பியவன், மரம் வெட்டும் முகாம், எண்ணெய்க் கிணறு, கப்பல் பட்டறை என்று இருபத்தைந்து வருஷம் சுற்றினான். இபான் பழங்குடி ஆண்கள் ஊர் சுற்றப் போவது வழக்கம்தான். மற்றவர்கள் திரும்பி வந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். மங்காட்டோ சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஊன்றி, எழுந்து ஓடத் தயாராக இருப்பான்.

"இவரு செத்தாலும் பெட்டிக்குள்ள புரண்டுக்கிட்டேதான் கிடப்பாரு" என்பாள் அவன் மனைவி லெம்பா.

போன வருஷம் நீள்வீடு எரிந்துபோய், இருபத்திரண்டு குடும்பமும் ஆற்றங்கரையில் மரக்கால் நட்டு உயரத்தில் போட்ட கொட்டகைக்கு வந்திருந்தன. புது வீட்டுக்குத் தூணும் கூரையும் பொதுவில் முடிந்துவிட்டன. தரைக்கும் சுவருக்கும் பலகை அவரவர் அறுத்துக்கொள்ள வேண்டும். அறுவடைத் திருநாளுக்கு முன்னால் எல்லோரும் ஒரே நாளில் குடியேறுவது என்று நீள்வீட்டுத் தலைவர் சொல்லிவிட்டார். அதற்கு ஐந்து வாரம் இருந்தது. அப்போதுதான் மங்காட்டின் மரம் அறுக்கும் செயின்சா படுத்துக்கொண்டது.

காலையில் நன்றாகத்தான் கிளம்பும். பத்து நிமிஷம் மரத்தை அறுக்கும். சூடேறியதும் குரல் மெலிந்து, இருமி, நின்றுவிடும். ஆறினால்தான் மறுபடி உயிர் வரும். மங்காட் பிளக்கை மாற்றினான். காற்று வடிகட்டியைக் கழுவினான். படகேறி காப்பிட் டவுனுக்குப் போய் கார்புரேட்டருக்கு உள்சாமான் வாங்கிப் போட்டான். பலனில்லை. மறுபடி போய் கார்புரேட்டரையே புதுசாக வாங்கி வந்தான். அப்போதும் பத்து நிமிஷம்தான்.

லெம்பாவின் தம்பி ஜம்பி தன் பலகைகளை அடுக்கிக்கொண்டே கேட்டான்:

"மச்சான், உங்க மெஷின் அறுக்க வருதா, இல்ல குட்டித்தூக்கம் போட வருதா?"

"நீ உன் வேலையப் பாருடா."

"என் வேலை முடிஞ்சிருச்சே. அதான் உங்களதப் பாக்குறேன்."

லெம்பா ஒரு காலத்தில் மரம் வெட்டும் முகாமில் ஒன்பது வருஷம் சமைத்தவள். அடுக்களைக்குப் பக்கத்துக் கொட்டகைதான் பட்டறை. சோறு வேகிற நேரத்தில் அங்கே போய் நின்று பார்த்துப் பார்த்தே பாதி மெக்கானிக் ஆகியிருந்தாள். அன்றைக்கு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவாள்.

"ரினாய் அப்பா, ஸ்டார்ட் பண்ற கயிறப் புடிச்சு மெஷினத் தூக்குங்க."

தூக்கினான். உள்ளே அமுக்கம் இருக்கிற இன்ஜினென்றால் கயிற்றிலேயே தொங்கும், விட்டு விட்டுத்தான் இறங்கும். இதுவோ கிணற்றில் விட்ட வாளி மாதிரி சரசரவென்று இறங்கியது.

"கார்புரேட்டர்ல ஒண்ணுமில்ல. உள்ள தேஞ்சு போச்சு. சைலன்சரக் கழட்டுங்க, பிஸ்டனப் பாக்கலாம்."

"அதெல்லாம் வேணாம்" என்றான் மங்காட், ரொம்ப வேகமாக.

வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால், மழை வருவதற்குள் ஒரு மரத்தை முடித்துவிடும் அவசரத்தில், ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டான். பாதியில்தான் உறைத்தது. உடனே அணைத்துவிட்டான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாமல் கார்புரேட்டரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

லெம்பா தானே சைலன்சர் திருகுகளைக் கழற்றி, ஓட்டை வழியாக உள்ளே பார்த்தாள். பிஸ்டனில் மேலிருந்து கீழே பூனை பிறாண்டியது போலக் கோடு கோடாக இருந்தது. அவள் மெஷினை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கொட்டகையை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்தான்.

"ஆயில் கலக்காம நான்தான் ஊத்தினேன்."

"தெரியும். அன்னிக்கு ஆயில் பாட்டில்ல ஒரு சொட்டுகூடக் குறையல."

"அப்பவே சொல்றதுக்கென்ன? ரெண்டு தடவ டவுனுக்கு அலைஞ்சேனே!"

"அலையறதுதான் உங்களுக்குப் புடிச்ச வேலையாச்சே."

மூன்றாவது முறை போனபோது லெம்பா எழுதிக் கொடுத்த சீட்டு அவன் சட்டைப்பையில் இருந்தது. சிலிண்டர், பிஸ்டன், ரிங், பின், ரெண்டு கிளிப், ஆயில் சீல். விட்டுப்போகாமல் வாங்கி வந்தான்.

மறுநாள் காலை பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார்கள். பழைய ஆயில் சீலைப் பிடுங்கி, புதியதை அடித்து இறக்கினார்கள். பிஸ்டன் தலையில் இருந்த அம்புக்குறியை சைலன்சர் பக்கம் திருப்பி வைத்து, பின்னை நுழைத்தாயிற்று. அந்தப் பின் நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் சின்ன வளையக் கிளிப். ஒன்று உட்கார்ந்தது. இரண்டாவதை மங்காட் குறட்டால் அவசரமாக அழுத்த, அது துள்ளித் தெறித்து, பலகை இடுக்கு வழியாகக் கீழே கோழிகள் கிளறும் சேற்றில் விழுந்தது.

"பழைய கிளிப்பப் போட்டுக்கலாம்" என்றான்.

"அது வளைஞ்சிருக்கு. உள்ள கழண்டுச்சுன்னா இந்தப் புது சிலிண்டரும் குப்பைதான்." லெம்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "இறங்கித் தேடுங்க."

தேடினான். விரலால் சேற்றை ஒரு சாண் ஒரு சாணாகப் பிசைந்தான். முதுகு வலித்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஜம்பி மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், முட்டையா தேடுறீங்க?"

"வாய மூடிட்டு இறங்கி வாடா!"

ஜம்பி சிரித்துக்கொண்டே போய், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பேருமாகச் சேற்றைத் துழாவினார்கள். ஆணி வந்தது, தூண்டில் முள் வந்தது, மத்தியானம் நெருங்கும்போது கிளிப்பும் வந்தது. இந்த முறை மங்காட் ஒரு துணியைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு மெதுவாக அழுத்தினான். கிளிப் 'டக்'கென்று உட்கார்ந்தது.

நாலாவது இழுப்பில் இன்ஜின் கிளம்பியது. சும்மா விட்டபோதும் சீராக நின்று ஓடியது. மங்காட் அதைத் தூக்கிக்கொண்டு, பலகைக்காக வெட்டிக் கிடத்தியிருந்த மெராந்தி மரத்தை நோக்கிப் பாய்ந்தான்.

"நில்லுங்க!" லெம்பா குறுக்கே வந்தாள். "புது பிஸ்டன், பழகணும். மூணு டேங்க் பெட்ரோல் தீர்ற வரைக்கும் சின்ன மரந்தான். முழுசா முறுக்கக் கூடாது."

"மூணு டேங்கா?"

கேட்டுக்கொண்டான். ஐந்து நிமிஷம் கிளைகளை அறுத்தான். ஆறாவது நிமிஷம் அவன் கால்கள் அந்தப் பெரிய மரத்துப் பக்கம் வந்திருந்தன. லெம்பா பின்னாலேயே வந்து சுவிட்சை அணைத்தாள்.

"குடுங்க இங்க."

அவள் ஓட்டினாள். கிளை, கழி, விறகு என்று அறுத்தாள். ஆற விட்டாள். மறுபடி ஓட்டினாள். மங்காட் விறகை அடுக்கினான், ஆற்றுக்குப் போனான், திரும்பி வந்து "தீந்துச்சா?" என்றான். அன்று முழுக்கவும் மறுநாள் பாதியும் அவன் அப்படியே நடந்தான்.

மூன்றாவது டேங்க் தீர்ந்ததும் அவனே டேங்கை நிரப்பினான். ஆயிலை வெளிச்சத்தில் பிடித்து அளந்து கலந்ததை லெம்பா பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள். நீளவாக்கில் மெராந்தியை அறுக்க ஆரம்பித்தான். பத்து நிமிஷம் ஆனபோது அவன் தோள் தானாக இறுகியது. இதோ நிற்கப் போகிறது என்று காது காத்திருந்தது. நிற்கவில்லை. பதினைந்து நிமிஷம். இருபது. மரத்தூள் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. முதல் பலகை பிரிந்து விழுந்ததும் அணைத்துவிட்டு, சூடான மெஷினை மறுபடி இழுத்துப் பார்த்தான். முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

குடியேறும் நாளில் அவர்கள் பகுதிக்கு இன்னும் பதினோரு பலகை குறைந்தது. பின்னறைக்குத் தார்ப்பாயைக் கட்டிவிட்டுத்தான் திருநாளுக்குச் சோற்றுக் கள் ஊற்றினார்கள். அடுத்த வாரம் அதையும் முடித்தான்.

ஆகஸ்டில் கடலோரப் பிந்துலு நகரத்தில் வேலை இருப்பதாகச் சேதி வந்தது. இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, மங்காட் பையைக் கட்டினான். செயின்சாவை லெம்பாவிடமே விட்டுப் போனான். இப்போது அக்கம்பக்கத்து நீள்வீடுகளில் மரம் விழுந்தால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.