தொழுவக் காட்சிக்கு மட்டும் வந்தவர்

சேலத்தில் ஒரு டெண்ட் கொட்டகை வாசலில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலம். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆறு நாள் ஏசு பிறந்த கதையை ஊமைப்படமாக ஓட்டினார்கள். எடப்பாடிப் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் ஆறு நாளும் வந்தார். தலையில் உருமால், நரைத்த மீசை, தோளில் கம்பளி.

டிக்கெட்டை நீட்டிவிட்டு உடனே உள்ளே போகமாட்டார். "சத்திரக்காரன் கதவைச் சாத்திட்டானுங்களா?" என்று கேட்டபடி, ஏசுவின் தாய்க்கு இடமில்லை என்று சத்திரக்காரன் திருப்பி அனுப்பும் காட்சி முடியும்வரை வெளியிலேயே நிற்பார். சாத்திவிட்டான் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் போய் மணலில் உட்காருவார். தொழுவத்தில் குழந்தை பிறந்ததும், திரையில் நிற்கிற மாடுகளைப் பார்த்து நாக்கைத் தட்டி அமர்த்துவார். முகமெல்லாம் பூரிப்பாக இருக்கும். அதைப் பார்க்கவே நான் படுதாவை விலக்கி எட்டிப்பார்ப்பேன்.

கடைசி நாள் கேட்டேவிட்டேன். "ஏனுங்க, மொதல்ல இருந்தே பாத்தா என்னங்க?"

"எங்க பண்ணையத்துல களையெடுத்தவ ஒருத்தி, நெறமாசக்காரி. அடைமழையில மாட்டுப் பட்டிக்குள்ள ஒதுங்கிக்கறேன்னு வந்தாளுங்க. பட்டிக்குத் தீட்டாயிரும், மாட்டுக்கு ஆகாதுன்னு படலைச் சாத்திட்டனுங்க. விடிஞ்சு தொறந்தா, வெளிய தாயும் புள்ளையும் ரெண்டு உசுரும் போயிருந்துச்சுங்க."

அவர் கொட்டகைக்குள்ளே கையைக் காட்டினார்.

"இங்க பாருங்க சாமி, பெத்தவ பக்கத்துலயே அத்தன மாடு நிக்குது. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலீங்களே," என்றார். பிறகு, எப்போதும்போல, "சாத்திட்டானுங்களா?" என்று கேட்டார்.

அஞ்சு நாளாகச் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை, அன்றைக்குச் சிரிக்காமல், படுதாவை விலக்கிப் பிடித்தபடி சொன்னேன். "சாத்திட்டானுங்க. உள்ள போங்க."