மதகைத் திறந்த அழகேசன்

அழகேசனுக்கு ஆயில் மில்லில் கிடைத்த வேலை ஒரு இரும்புச் சக்கரத்தைச் சுற்றுவது. 1974இல் செர்டாங்குக்கு அருகே அந்த மில் திறந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. செம்பனைக் குலையை அவித்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பழுப்புத் தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும். நிறைந்ததும் சக்கரத்தைச் சுற்றினால் மதகு எழும்பும். சூடு ஆறாத தண்ணீர் ஓடையில் இறங்கி, இரண்டு மைல் தள்ளி ஆற்றில் கலக்கும். தினம் இரண்டு முறை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தினக்கூலி வாங்கிய குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் போனதால் அவர் மனைவி ராக்காயி சட்டையில் ஏறிய நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டார். அதை மட்டும் தனியாக ஊறவைத்தார்.

ஆற்றோரம் மோரிஸ் இருந்தார். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்ட வேலை போனவர். ஐம்பது வயதில் ஒரு சம்பான் படகு வாங்கி, மூங்கில் பொறி வைத்து ஆற்று இறால் பிடித்து, செர்டாங் பாசாரில் விற்றுப் பிழைத்தார். சனிக்கிழமைகளில் அழகேசன் வீட்டுக்கும் ஒரு கை இறால் வரும்.

மறு வருடம், மழை குறைந்த மாதத்தில், இறால்கள் தாமாகக் கரையேறின. முதல் நாள் எல்லோரும் வாளி வாளியாக அள்ளினார்கள். மூன்றாம் நாள் ஆறு முழுக்கச் செத்து மிதந்தன. மோரிஸ் ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்து வந்து மதகடியில் நின்றார்.

"தம்பி, இத நீயா தொறக்கிற?"

"ஆமாண்ணே. டாங்கி நெறஞ்சா தொறக்கணும். அதான் என் வேல."

"கீழ எல்லாம் செத்துக் கெடக்கு லா. வந்து பாரு."

அழகேசன் போய்ப் பார்த்தார். மறுநாள் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் கெட்டவர் அல்ல, உட்காரவைத்துப் பேசினார். "குளம் வெட்டி ஊறவிட்டால் தண்ணீர் தெளியும், எனக்கும் தெரியும்" என்றார் மலாய் மொழியில். "ஆனால் எண்ணெய்க்கு விலை வைப்பது நான் இல்லையே. மற்ற மில்லெல்லாம் ஆற்றில் விடும்போது நான் மட்டும் குளம் வெட்டினால் என் எண்ணெய்க்குத்தான் அடக்கவிலை கூடும். வாங்குகிறவன் எண்ணெயைத்தான் பார்ப்பான், ஆற்றைப் பார்ப்பானா?"

அழகேசன் மதகடிக்குத் திரும்பினார். மேனேஜரின் கணக்கில் தப்பில்லை. அதில் மோரிஸ் இல்லை, அவ்வளவுதான்.

மோரிஸ் அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதவைத்து ஆற்றோரத்து முப்பது வீடுகளுக்கும் போனார். தண்ணீர் கெட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் மகன் மில்லில் வேலை. இன்னொரு வீட்டில், மற்றவர்கள் போட்டால் நானும் போடுகிறேன் என்றார்கள். பதினோரு கையெழுத்துதான் கிடைத்தது. மனுவுக்குப் பதிலே வரவில்லை.

அழகேசன் தன்னால் ஆன ஒன்றைச் செய்தார். மதகு திறக்கும் நேரத்தை முன்கூட்டியே மோரிஸுக்குச் சொல்லியனுப்பினார். மோரிஸ் பொறிகளைத் தூக்கிவைத்துக்கொண்டார். பொறியைத் தூக்கலாம், இறாலைத் தூக்கிவைக்க முடியாது. 1977இல் சம்பானை விற்றுவிட்டு, மனைவி கேதரினுடன் சுங்கைப் பட்டாணி நகருக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் காவல்காக்கும் ஜாகா வேலையில் சேர்ந்தார்.

அடுத்த வருடம் சட்டம் வந்தது. ஆற்றில் விடும் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு மில் பணம் கட்ட வேண்டும். அதே மேனேஜர், அதே நிலத்தில், ஐந்தே மாதத்தில் ஆறு குளங்கள் வெட்டினார்.

"இப்ப மட்டும் எப்படி முடிஞ்சது, துவான்?" என்று அழகேசன் மரியாதையாகவே கேட்டார்.

"இப்போது எல்லா மில்லும் வெட்டுகிறதே" என்றார் மேனேஜர்.

குளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அழகேசனுக்கே வந்தது. ஆறு மெதுவாகத் தெளிந்தது. 1983இல் யாரோ தூண்டிலில் ஒரு இறால் பிடித்ததாகக் கேள்விப்பட்டதும் அவர் பஸ் ஏறிச் சுங்கைப் பட்டாணிக்குப் போனார்.

மோரிஸ் தொழிற்சாலை வாசலில் காக்கி உடுப்பில் இருந்தார். இருவரும் எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்தார்கள்.

"ஆறு தெளிஞ்சிருச்சுண்ணே. இறால் வருது."

"நல்லது தம்பி. எனக்கு முட்டி போயிருச்சு. சம்பான்ல ஏற முடியாது. யாரு பொறி வைக்கிறா?"

"யாருமில்ல."

குவளையைக் கீழே வைத்துவிட்டு அழகேசன் கேட்டார்: "எம்மேல கோவமாண்ணே?"

மோரிஸ் யோசித்துவிட்டுச் சொன்னார். "நீ இல்லன்னா வேற ஒருத்தன் தொறந்திருப்பான். ஆனா தொறந்தது நீதான்." பிறகு தேத்தண்ணிக்குத் தானே காசு கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து, பெருமழையில் மூன்றாம் குளத்துக் கரை விரிசல் விட்டது. உடைந்தால் கழிவுத் தண்ணீர் அப்படியே ஆற்றில் இறங்கும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார் புதிதாக வந்திருந்த அசிஸ்டன்ட். அன்று வெள்ளிக்கிழமை. அழகேசன் வீட்டுக்குப் போகவில்லை. மண்மூட்டை வந்தால்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டுக் கரைமேலேயே, குடைகூட இல்லாமல், நின்றுகொண்டிருந்தார். மாலைக்குள் மூட்டைகள் வந்து சேர்ந்தன.