ஆக்டெரெக்கில் விருந்தாளி யார்?

கசாக் புல்வெளியின் ஆக்டெரெக் கிராமத்தில் ஒரு பசு முனகினால், மாட்டுக்காரன் பூட்ஸைத் தேடி மாட்டுவதற்குள் லிடியா கெர்பர் கொட்டிலில் நிற்பாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, சோப்பு நுரையோடு கையை உள்ளே விட்டு, கன்றின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே மாட்டுக்காரனைத் திட்டுவாள். திட்டு சுத்தமான கசாக் மொழியில் இருக்கும். அதைக் கேட்பதற்கென்றே பையன்கள் வேலியோரம் வந்து நிற்பார்கள். "எங்கப்பாவுக்கே இதெல்லாம் தெரியாதுக்கா" என்று வாய் பிளப்பார்கள்.

ஐம்பத்தொன்பது வயது. கால்நடை மருத்துவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் மிச்சமிருந்த ஒரே ஜெர்மன்காரி.

அவளுக்குத்தான் 2021 கோடையில் அந்த யோசனை வந்தது. வந்தது என்ன, ஜெய்னெப் தலையில் ஏற்றிவிட்டாள். ஜெய்னெப் ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவள். பள்ளியில் லிடியாவோடு ஒரே பெஞ்சு.

"அடியே, சேதி கேட்டியா? இனிமே அகிமை நாமளே ஓட்டுப் போட்டு எடுக்கணுமாம்!"

அகிம் என்றால் ஊருக்குத் தலைவர். அதுவரை அகிம்களை மேலிடம்தான் அனுப்பும். ஒரு கார் வரும், ஒருவர் இறங்குவார், கையெழுத்துப் போடுவார், அடுத்த பனிக்காலத்துக்குள் வேறு ஊருக்கு மாறிப் போய்விடுவார். ஒருவர் பெயரையாவது ஊர் முழுசாகக் கற்றுக்கொண்டதில்லை. இப்போது நாடு முழுக்கக் கிராமங்களுக்கு முதன்முதலாகத் தேர்தல். ஆக்டெரெக் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

"நீ நில்லு" என்றாள் ஜெய்னெப்.

"உனக்கென்ன பைத்தியமா? நான் ஜெர்மன்காரி."

"அதான் சொல்றேன். இந்த ஊர்ல மூணு வம்சம். ஒரு வம்சத்தான் நின்னா மத்த ரெண்டுக்கும் வயிறு எரியும். உனக்கு வம்சமே கிடையாது. யாருக்குடி எரியும்?"

லிடியா சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. ஜெர்மனியிலிருந்து தம்பி ராபர்ட் அந்த வாரமும் கூப்பிட்டிருந்தான். கண்ணாடி மாதிரி சுத்தமான வீடு, லிஃப்ட், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, காகிதமெல்லாம் தயார், நீ விமானம் ஏறினால் போதும் என்று கெஞ்சினான். இருபத்தெட்டு வருஷமாகக் கெஞ்சுகிறான்.

"நிக்கறேன்" என்றாள் லிடியா மெதுவாக. "ஆனா ஒண்ணு. தோத்துட்டேன்னா தம்பிகிட்டப் போயிடுவேன். இந்த மண்ணே நீ எங்காளு இல்லேன்னு சொன்னதுக்கப்புறம் இங்க என்ன வேலை?"

ஜெய்னெப்பின் கையிலிருந்த சர்க்கரைப் பொட்டலம் மேஜையில் தொப்பென்று விழுந்தது.

லிடியா அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் அம்மா இங்கே வந்து இறங்கியபோது வயது ஏழு. ஜெர்மனியோடு போர் மூண்ட 1941 இலையுதிர் காலத்தில், ருஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் குடியிருந்த ஜெர்மன்காரர்களை மொத்தமாகச் சரக்கு ரயிலில் ஏற்றி, இந்தப் புல்வெளியில் கொண்டுவந்து கொட்டினார்கள். பத்து வருஷம் முன்புதான் பெரும்பஞ்சத்தில் பிள்ளை குட்டிகளைப் புதைத்திருந்த கசாக் குடும்பங்கள், வந்தவர்களை வீட்டுக்கொரு குடும்பமாகப் பிரித்து அழைத்துப் போயின. பேச ஒரு பொதுவார்த்தை கிடையாது. அம்மா அடுப்போரம் படுத்து, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு உருண்டு கசாக் கற்றுக்கொண்டாள்.

பிறகு தரிசு நிலத்தை உழ உக்ரைனிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் டிராக்டர்களோடு ஆட்கள் வந்தார்கள். லிடியா படித்த வகுப்பில் ஒன்பது இனத்துப் பிள்ளைகள். சண்டை வந்தால் மட்டும் எல்லோரும் கசாக்கில்தான் திட்டிக்கொள்வார்கள். அதுதான் வாய்க்கு ருசி.

நாடு தனிநாடான பிறகு ரயில்கள் எதிர்த்திசையில் ஓடின. ஜெர்மன் தெரு முழுக்க ஜெர்மனிக்குக் கிளம்பிக் காலியானது. கிளம்பிய ஒவ்வொருவரும் வீட்டுச் சாவியை லிடியாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள், என்னவோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரப்போகிறவர்கள் மாதிரி. அவளும் வாங்கி மாட்டிவைத்தாள். சில வருஷம் கழித்து மங்கோலியாவிலிருந்து, தலைமுறைகளுக்கு முன் அங்கே போய்விட்ட கசாக் மக்கள், லாரிகளில் கம்பளிக் கூடாரங்களோடு வந்து இறங்கினார்கள். லிடியா அந்தச் சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாள். தெருவில் மறுபடி புகை எழுந்தது. அன்று அவள் அழுதாளா சிரித்தாளா என்று ஜெய்னெப்புக்கே இன்றுவரை தெரியாது.

தேர்தலில் எதிரே நின்றவன் சபர்காலி. நாற்பத்தாறு வயது, எண்ணூறு ஆடு, நூறு குதிரை, பாவ்லதார் நகரத்தில் மாடி வீடு, வார நாளெல்லாம் அங்கேதான் வாசம். நல்லவன்தான். சத்தம் கொஞ்சம் அதிகம். பனிப்புயலில் சிக்கிய பள்ளி வண்டியை டிராக்டர் கட்டி இழுத்து வந்தவன் அவன்தான், அதை வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டியவனும் அவன்தான்.

ஓட்டுக்கு ஒரு வாரம் முன்பு பெரியவர் ஒராஸ்பாய் வீட்டில் விசேஷம். பேரன் நடக்கத் தொடங்கியிருந்தான். காலில் கயிறு கட்டி, அதை வெட்டிவிட்டு நடக்கவிடுகிற சடங்கு. ஊரே கூடாரத்துக்குள் வட்டமாக உட்கார்ந்திருந்தது. முகக்கவசமெல்லாம் தாடைக்கு இறங்கியிருந்தது. தட்டுத் தட்டாகப் பெஷ்பர்மக் வந்தது. அகல மாவுத் துண்டுகளின் மேல் ஆவி பறக்கிற ஆட்டுக்கறி. இந்தக் கறியில் எந்த எலும்பு யாருக்கு என்பதில்தான் மரியாதையே இருக்கிறது. தப்பாக வைத்ததற்காகப் பத்து வருஷம் பேசாமலிருக்கிற சம்பந்திகள் உண்டு. ஆட்டுத்தலையும் இடுப்பெலும்பும் வைத்த முதல் தட்டு, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு. ஊர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகுதான்.

பங்கு வைத்தவன் சபர்காலி, பெரியவரின் தங்கை மகன் என்ற உரிமையில். தன் பெருந்தன்மையை ஊர் பார்க்க வேண்டாமா? எழுந்து நின்று, "போட்டியெல்லாம் வேற, மரியாதை வேற! லிடியாக்கா, நீங்க மேல வாங்க!" என்று முழங்கி, கையைப் பிடித்து அழைத்துப் போய், வெளியூர்ச் சம்பந்திகளுக்கு நடுவில் உட்காரவைத்தான். இடுப்பெலும்பை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

கூடாரத்தில் ஒரு கையும் தட்டுக்கு நீளவில்லை.

சபர்காலிக்கு இன்னும் விளங்கவில்லை. கைதட்டலை எதிர்பார்த்து நின்றான். ஜெய்னெப் வாயில் வைத்த புளித்த குதிரைப்பாலான குமிஸை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தாள். லிடியா எலும்பைப் பார்த்தாள். எவ்வளவு அழகாக வெந்திருக்கிறது! பிறந்து வளர்ந்த ஊரில், ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து, வாம்மா விருந்தாளி என்று சொல்லியாகிவிட்டது. எழுந்து வெளியே போய்விடலாமா? போனால் அப்படியே விமானநிலையம்வரை போய்விடலாம்.

அவள் எழுந்தாள். ஆனால் தட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி சபர்காலி, இப்படி உக்காரு."

"நானாக்கா?"

"நீதாண்டா. பாவ்லதார்லேருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கே! வெள்ளிக்கிழமை வர்றே, ஞாயித்துக்கிழமை போறே. அலுத்துப் போயிருப்பே. இந்த எலும்பு உனக்குத்தான்."

அவனைத் தோளைப் பிடித்து அழுத்திச் சம்பந்திகளுக்கு நடுவில் உட்காரவைத்து, இடுப்பெலும்பை அவன் முன்னால் வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்த அந்த வீட்டு மருமகள்கள் பக்கம் திரும்பினாள். "நகருங்கடி. நம்ம வீட்டு விசேஷத்துல நான் உக்காந்து தின்னா வந்தவங்களுக்கு யாரு டீ ஊத்துறது?"

முதலில் சிரித்தவர் பெரியவர் ஒராஸ்பாய். பல் இல்லாத வாயைத் திறந்து, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இருக்கறவளை விருந்தாளியாக்கிட்டு வர்றவன் பங்கு வெச்சா இப்படித்தாண்டா ஆகும்!" அப்புறம் கூடாரமே குலுங்கியது. மங்கோலியாவிலிருந்து வந்த மக்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். வந்தவன் என்ற பேச்சு எங்கே உறுத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். சபர்காலி காது நுனிவரை சிவந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பு ஓட்டாக மாறுமா? யாருக்குத் தெரியும்! ஓட்டு நாளன்று, வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்தில் பாட்டு அலறியது. பாட்டிமார் அந்தக் காலத்தில் உழைப்புக்கு வாங்கிய மெடல்களைக் குத்திக்கொண்டு வந்தார்கள். வரிசை விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நின்றது. மதியத்துக்கு மேல் லிடியா வரிசையின் நடுவில் நின்றிருந்தபோது, ஒரு ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சபர்காலி குதித்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, என் செம்பட்டைக் குதிரை. மேய்ச்சல்ல கிடந்து உருளுது. வயித்து வலி. செத்துடும்க்கா."

"முதல்ல ஓட்டுப் போடுடி!" என்று ஜெய்னெப் வரிசையின் முன்னாலிருந்து கத்தினாள்.

குடலில் வாயு அடைத்த குதிரைக்கு வரிசையெல்லாம் தெரியாது. லிடியா பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

போக ஒரு மணி நேரப் பாதை. குதிரை வியர்த்து, கண் செருகிக் கிடந்தது. ஊசி போட்டாள், மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினாள், எழுப்பி நிறுத்தி மெதுவாக நடத்தினாள். சபர்காலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். வெயில் சாயத் தொடங்கியபோது குதிரை வாலைத் தூக்கிப் பெரிதாக ஒரு சத்தம் விட்டது.

"அப்பாடி!" என்று லிடியா கத்தினாள். "இதைவிட நல்ல பாட்டு இந்த நாட்டுல எவனும் பாடினதில்லடா!"

அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க ஓட்டுப் போட்டாச்சா?"

"இல்லடா. நீ?"

"நானும் போடல."

எட்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். இருவரும் ஜீப்பை நோக்கி ஓடிய ஓட்டத்தைக் குதிரை கூடத் திரும்பிப் பார்த்தது.

ஜீப் பாதையில் போகவில்லை. குறுக்கே புல்வெளியில் பறந்தது. மர்மோட் என்கிற பெரிய நில அணில்கள் தோண்டிய வளைகளில் ஏறி இறங்கி, லிடியாவின் தலை கூரையில் இடித்தது.

"அக்கா" என்றான் சபர்காலி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி. "அன்னிக்கு மரியாதைதானேக்கா பண்ணேன்? ஏன் அப்படி மானத்தை வாங்கினீங்க?"

"மரியாதை பண்ணித்தாண்டா வெளியே தள்ளுவாங்க. அடிச்சுத் துரத்தினா நானும் திருப்பி அடிப்பேன்ல."

அவன் ஒரு வளையைச் சுற்றி வண்டியை ஒடித்தான். "எனக்குத் தோணவே இல்லக்கா. சத்தியமா" என்றான். பிறகு, "இப்ப எனக்கே யாருக்குப் போடறதுன்னு தெரியல."

"உனக்கே போட்டுக்க. இல்லேன்னா உன் பொண்டாட்டி ராத்திரி சோறு போட மாட்டா. ரோட்டைப் பார்த்து ஓட்டு!"

"ரோடு எங்கக்கா இருக்கு?"

பள்ளிக்கூட வாசலில் ஒரு கதவை ஏற்கெனவே மூடிவிட்டார்கள். இன்னொரு கதவில் ஜெய்னெப் குறுக்கே காலை நீட்டிப் படியில் உட்கார்ந்திருந்தாள். "என் கால் மரத்துப் போச்சு, எழுந்திரிக்க முடியல, என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று தேர்தல் அதிகாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு ஆக நாலு நிமிஷம் இருந்தது. வேட்பாளர்கள் இருவரும், தலையெல்லாம் புழுதியும் சட்டையெல்லாம் எண்ணெயுமாக, குதிரை நாற்றத்தோடு அவளைத் தாண்டி உள்ளே ஓடினார்கள்.

ஓட்டை எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வீடுகளிலிருந்து டீக் கெண்டிகள் பள்ளி மைதானத்துக்கு வந்தன. லிடியா வேலியில் சாய்ந்து நின்றாள். கண் தெருவின் ஒவ்வொரு வீட்டையும் தொட்டுத் தொட்டுப் போயிற்று, எண்ணிப் பார்க்கிற மாதிரி, சொல்லிக்கொள்கிற மாதிரி. ஜெய்னெப் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. தேர்தல் அதிகாரி தொண்டையைச் செருமினார். சபர்காலிக்கு நூற்றுப் பதினெட்டு என்றார். பிறகு லிடியா கெர்பருக்கு, என்று சொல்லிக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"சீக்கிரம் சொல்லுய்யா!" என்று பத்துக் குரல் கத்தின.

"நூத்து நாப்பத்தி ரெண்டு."

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியவில்லை. மங்கோலியாக்காரர்களின் தெருவிலிருந்து நாய்கள்வரை குரைத்தன. ஜெய்னெப் கடையைத் திறந்து ஒரு மூட்டை மிட்டாயைத் தூக்கி வந்து, கல்யாணத்தில் வீசுகிற மாதிரி அள்ளி அள்ளி வீசினாள். "போவியாடி? இனிமே போவியாடி?" என்று அழுதுகொண்டே வீசினாள். ஊர் குனிந்து பொறுக்கியது. பெரியவர் ஒராஸ்பாய்கூடக் கைத்தடியால் ஒன்றைத் தன் பக்கம் இழுத்தார். தலையில் மிட்டாய் மழை விழ, லிடியா வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மிட்டாய் தீர்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அகிம் அக்கா! மேலத் தெருக் குழாய்ல மூணு மாசமா தண்ணி வரல!"

"காலையில ஆறு மணிக்கு அங்க இருப்பேன்" என்றாள் லிடியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீயும் இருக்கணும். மண்வெட்டியோட."