எச்சில் பட்ட பல்பு

நம்பாவிட்டால் பரவாயில்லை. நடந்தது பட்டப்பகலில். நான் குடிப்பவனும் இல்லை.

பழைய பத்திரிகை கேமராக்களுக்கு ஃபிளாஷ் ஒயர் செய்வது என் வேலை. பேட்டரி போட்ட கைப்பிடி, அதன் தலையில் கிண்ணம் போன்ற தகடு, நடுவில் பல்பு. கைப்பிடியையும் கேமராவையும் இணைக்கும் ஒயர் அறுந்தால் என்னிடம் வரும். ஒரு பல்பு ஒரே முறைதான் எரியும். அது காலை வாரிவிடக் கூடாதென்று அந்தக் கால போட்டோகிராபர்கள் பல்பின் அடியை நக்கிவிட்டு மாட்டுவார்கள். எச்சில் பட்டால் மின்சாரம் நன்றாகப் பாயுமாம். எனக்குக் குமட்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகே எதையும் தொடுவேன்.

மனைவி இறந்து நான்கு மாதம். இரண்டு வயது மகள்.

"பாப்பாவை என்கிட்ட விட்டுடுங்க மாப்பிள்ளை. ஒயரோட ஒயரா அதுவும் கிடக்குது" என்பார் அத்தை. நான் கொடுக்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

அன்று, வியாபாரி ஒருவர் அனுப்பிய கைப்பிடியைப் பிரித்தேன். இறந்துபோன யாரோ ஒருவருடையது. சோதிக்க ஒரு பல்பை மாட்டினேன். ஒயரின் முனை ஈரமாக இருந்தது. துடைத்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி ஈரம். கொழகொழவென்று... நூலாக இழுத்தது. சொத்தைப் பல்லும் சுருட்டும் கலந்த நாற்றம்.

மகள் வாயில் வைத்திருப்பாளோ? கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து முகர்ந்தேன். பால் வாசனைதான்.

ஒயரைக் கழற்றினேன். பேட்டரிகளை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கை கழுவப் போனேன்.

மணி மூன்று பத்து.

குழாயை மூடினேன். அறையிலிருந்து ஒரு சத்தம்.

ச்சப்...

நாக்கின் சத்தம்.

வெள்ளை வெளிச்சம். சுவரெல்லாம்.

ஓடினேன்.

பல்பு கருகிக் கொப்புளம் போட்டிருந்தது. தொட்டால் சுட்டது. அடியில் எச்சில் வழிந்தது. ஒயர் கழன்றே கிடந்தது.

பேட்டரிகள் என் பையில்.

மகள் மல்லாந்து கிடந்தாள். முகம் மட்டும் மேசைப் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அழவில்லை. தாடையில்... கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம்.

அதே நாற்றம்.

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அப்போதுதான் அழுதாள். நான் வாந்தி எடுத்தேன்.

மாலையே அத்தையை வரச் சொன்னேன். நானே குழந்தையின் துணிப்பையைக் கட்டிக் கொடுத்தேன். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார்.

மறுநாள் வியாபாரிக்குப் போன் செய்தேன். அந்தக் கைப்பிடி யாருடையது என்று கேட்டேன்.

"அவரா? பிணவறை போட்டோகிராபர் சார். அடையாளம் தெரியாத பிணங்களை எடுப்பாரு. பல்பை நக்குவாரு, அதே எச்சிக் கையால தாடையைப் புடிச்சு முகத்தைத் திருப்புவாரு. அவர் கை பட்டா பிணமே எழுந்து முகம் கழுவப் போயிடும்னு கிண்டல் பண்ணுவாங்க."

"வேற யாரையும் எடுத்ததில்லையா?"

"உயிரோட இருக்கறவங்களையா? ஒருத்தரைக்கூட இல்ல சார். கூப்பிட்டாலும் போக மாட்டாரு."

போனை வைத்துவிட்டு அத்தைக்கு அழைத்தேன்.

"தூங்கறா மாப்பிள்ளை. நேத்து ராத்திரி படுத்தவ. பாவம், அசந்து கிடக்கறான்னு நானும் விட்டுட்டேன்."

"எழுப்புங்க அத்தை" என்றேன்.