குடிக்காத கூழ்

சம்பந்தம் பேசப் போகும் வீட்டார் முதலில் என்னையே அழைப்பார்கள். ரொறன்ரோவின் வோபர்னிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கும் எங்கள் ஊரவர்களிடையே இது நெடுங்கால வழக்கம். பட்டப்படிப்பை முடித்துக் கொழும்பில் கணக்காய்வாளனாக இருந்தவன் நான். கனடாவுக்கு வந்தபின்னும் ஓய்வுபெறும்வரை கணக்கு வேலையே பார்த்தேன். ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ பேசமாட்டேன் என்று எனக்குப் பெயர் இருந்தது. பேச்சு நடக்கும் வீட்டில் என்னை நடுவில் இருத்திவிட்டு மற்றவர்கள் ஓரங்களில் அமர்வார்கள். மரணச் சடங்குகளில் இரங்கலுரை ஆற்றவும் என்னைத்தான் கேட்பார்கள். பெருமைக்காக இதை எழுதவில்லை. அந்தக் கோடைக்குப் பிறகு என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்னை முன்பின் அறியாதவர்களைப்போலப் பேசுவதால், நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

பிறர் வீட்டுக் காரியங்களை ஒப்பேற்றிக் கொடுத்த எனக்கு என் ஒரே மகளின் காரியம் கூடிவரவில்லை. அவளுடைய முதல் மணம் இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்காமல் நீதிமன்றத்தில் முடிந்தது. அவள் என்னிடம் திரும்பி வந்தாள். மனைவி இறந்துபோன வீட்டில் நாங்கள் இருவரும் ஒருவர் நடமாட்டம் மற்றவருக்குக் கேட்காதபடி வாழப் பழகிக்கொண்டோம். அவள் நாற்பதை நெருங்கிய காலத்தில், ரூஜில் வசிக்கும் என் மச்சாள், என் மனைவியின் தங்கை, ஓர் இடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியிருப்பவர். மின்னிணைப்பு வேலைகளைச் சொந்தமாக எடுத்து நடத்துபவர். மனைவியை நோயில் பறிகொடுத்தவர். அவருக்கு ஒரு சிறு பெண்பிள்ளை. தாயும் உடனிருந்தார். என் மகளும் அவரும் சில மாதங்களாகத் தொலைபேசியில் பேசிவந்ததை நான் அறிவேன். பேசி முடித்து அறையை விட்டு வெளியே வரும்போது அவள் முகத்தில் இருந்த தெளிவை நான் அதற்கு முன் பல வருடங்களாகக் கண்டதில்லை.

பிள்ளை புதியவர்களோடு இலகுவில் சேராது என்பதுதான் சிக்கல். ஆகவே ரொறன்ரோவுக்கு வடக்கே நாட்டுப்புறத்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள ஆர்.வி. வண்டிகளைக் குடும்பங்கள் நிறுத்தித் தங்கும் ஓர் இடத்தில் இரு வீட்டாரும் அருகருகே சில நாள்கள் தங்குவது என்று மச்சாள் ஒழுங்கு செய்தார். பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும் நீச்சல் தடாகமும் அங்கே உண்டு.

“அத்தான், இது பொம்பிளை பாக்கிறதும் இல்லை, மாப்பிளை பாக்கிறதும் இல்லை. சும்மா ஒரு வீக்கென்ட். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிக்காதேங்கோ.”

“முறை எண்டு ஒண்டு இருக்கு” என்றேன்.

“ஓம் ஓம். அந்த முறையை வீட்டில வைச்சுப் பூட்டிப்போட்டு வாங்கோ.”

கோட்டு அணியவில்லை. மடிப்புக் கலையாமல் மினுக்கிய மேற்சட்டையுடன் போனேன்.

வாடகைக்கு எடுத்த ஆர்.வி.யை மச்சாளின் கணவர் ஓட்டினார். ஸ்ரௌவ்வில்லின் புதிய வீடுகள் முடிந்து சோள வயல்கள் தொடங்கியபோதே மழையும் தொடங்கியது. பிறகு அது விடவில்லை. தங்குமிடத்தின் வாசலில் காற்றடைத்த பெரிய சறுக்கல் ஒன்று காற்றுப்போய்த் தரையில் மடிந்து கிடந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மின்கம்பம். வண்டிகளோடு பொருத்திய துணிப் பந்தல்களின் கீழ் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மடக்குக் கதிரைகளில் இருந்து, எதையோ இழந்தவர்களைப்போல மழையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எங்களுக்கு முன்பே வந்திருந்த அந்த மனிதர் மழை அங்கியோடு வெளியே வந்தார். யாரும் கேளாமலே எங்கள் சக்கரங்களின் கீழ் பலகைக் கட்டைகளை வைத்து வண்டியை மட்டப்படுத்தினார், தண்ணீர்க் குழாயைப் பூட்டினார், மின்சாரத்தைக் கொடுத்தார். உள்ளே விளக்கைச் சரிபார்க்க வேண்டியிருந்தபோது, சேற்றுச் சப்பாத்தைப் படியில் கழற்றிவிட்டே ஏறினார்.

“அங்கிள், தண்ணி வருதோ எண்டு ஒருக்காத் திறந்து பாருங்கோ.”

தண்ணீர் வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை நான் எவரிடமும் சொல்லவில்லை; சொல்லும் கட்டம் அது அன்று.

அவருடைய தாய் மெலிந்த மனுஷி. தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வந்து, “வாங்கோ அண்ணை. நாங்கள் வெயிலோடதான் வந்தனாங்கள். மழையை நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை, பிள்ளைகளை வைக்கோல் வண்டியில் ஏற்றி ஓர் உழவு இயந்திரம் அந்த வளாகத்தைச் சுற்றி இழுத்துப்போனது. மழைக்குப் பயந்து பலர் ஏறவில்லை. என் மகள் கை நீட்டினாள். பிள்ளை கையை மறைத்துக்கொண்டு ஏறியது; அவளும் பின்னால் ஏறினாள். திரும்பி வந்தபோது அது என் மகளின் மடியில் இருந்தது. சேறான அதன் பூட்ஸ் அவளுடைய காற்சட்டை முழுவதையும் அழுக்காக்கியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பந்தலின் கீழிருந்து தாயும் இந்தப் பந்தலின் கீழிருந்து நானும் அதைப் பார்த்தோம். பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசவேண்டியதை மாலையில் பேசலாம் என்று எண்ணினேன்.

மதியம் தாய் கூழ் காய்ச்சினார். வெளி அடுப்பில் பெரிய பானை; பனங்கிழங்கு ஒடியல் மா, நண்டு, மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை. மழைக்குள் அந்த மணம் நான்கு வண்டி தூரம் போயிருக்கும். மச்சாளும் கணவரும் கோப்பைகளோடு போய் நின்றார்கள். என் மகள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தாள். எனக்கென்று ஒரு கோப்பையை நிரப்பி, மழைத்துளி விழாமல் உள்ளங்கையால் மூடி, தாயே கொண்டுவந்தார்.

“அண்ணை, சூட்டோட குடியுங்கோ.”

“இருக்கட்டும். பிறகு ஆறுதலாப் பாப்பம்.”

“உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்.”

“அதுக்கில்லை. இப்ப வேண்டாம்.”

“அப்ப ஒரு வாய் தேத்தண்ணி?”

“ஒண்டும் வேண்டாம்.”

சம்பந்தம் ஒப்பேறும்வரை ஒரு வீட்டுப் பெரியவர் மற்ற வீட்டில் கை நனைப்பதில்லை. என் தகப்பனார் அப்படி நடந்தார். நான் முன்னின்று பேசிய வீடுகளிலெல்லாம் பச்சைத் தண்ணீரும் தொடாமல் எழுந்து வந்திருக்கிறேன். உப்பைத் தின்றபின் மறுத்துப் பேச இரு பக்கத்துக்கும் வாய் வராது என்பதே அதன் நியாயம். மகளையும் மச்சாளையும் அது கட்டாது; என்னைக் கட்டும். மற்றவர் காரியங்களில் காத்த முறையைச் சொந்த மகளின் காரியத்தில் விடுவது எனக்கு அடுக்காது.

தாய் கோப்பையோடு சிறிது நேரம் நின்றார். கூழின் மேல் ஆடை படர்ந்தது.

“விளங்குது அண்ணை” என்றார். முறை தெரிந்தவர் என்று மனத்துக்குள் மெச்சினேன்.

பொழுது சாய்ந்தபோது மழை உரத்தது. நானும் மகளும் எங்கள் வண்டிக்குள் இருந்தோம். அவர்களுடைய ட்ரெயிலரின் சன்னல் எங்களுடையதற்கு நேரே திறந்திருந்தது. பேச்சு அப்படியே வந்து விழுந்தது.

“அம்மா, சில ஆக்கள் கலியாணம் பேசி முடியுமட்டும் சாப்பிடமாட்டினம்.”

“அது வீட்டுக்குப் போனாத்தானே. உது காம்பிங். மரத்துக்குக் கீழ ஆருக்கடா வீடு? எல்லாரும் குடிக்க அவர் மட்டும் குடிக்கேல்லை. தண்ணியும் வேண்டாமாம்.”

“மெல்லக் கதையுங்கோ.”

“கேக்கட்டும். எங்கட அம்மா இவையள மாதிரி ஆக்களின்ர வளவுக்கு வேலைக்குப் போனவ. தண்ணி கேட்டாச் சிரட்டையிலதான் வார்ப்பினம். இப்ப நான் கோப்பையில கொண்டுபோனாலும் குடிக்கினமில்லை. கனடாவுக்கு வந்து என்ன, எங்க போயென்ன.”

என் மகள் எழுந்து சன்னலை மூடினாள்.

“அப்பா, போய்ச் சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சொல்ல?”

“சாதி பாத்து இல்லை எண்டு சொல்லுங்கோ.”

“அந்தச் சொல்லை நான் ஒருத்தற்ர வாசலிலும் சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டன்.”

“அப்ப ஒண்டும் சொல்லவேண்டாம். போய் ஒரு கோப்பை வாங்கிக் குடியுங்கோ. அது காணும். எனக்காக அப்பா. ஒரு வாய்.”

மறுத்த உணவைத் திரும்பப் போய்க் கேட்பது எப்படி என்று எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் குடையை எடுத்துக்கொண்டு போனேன். இதைப் பலர் அறியமாட்டார்கள். அவர்களுடைய மேசைவரை போனேன். கூழ்ப்பானை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கோப்பைகளும் அப்படியே. கதவு திறந்தது. அந்த மனிதர் படியில் நின்றார்.

“என்ன அங்கிள்?”

கேட்பதற்கு உணவு இல்லை. உணவு இல்லாத இடத்தில் விளக்கம் மட்டும் சொன்னால் அது மன்னிப்புக் கேட்பதாகிவிடும். செய்யாத பிழைக்கு நான் மன்னிப்புக் கேட்பதில்லை.

“மழை விடுற மாதிரித் தெரியேல்லை” என்றேன்.

“ஓம் அங்கிள்” என்றார். “அம்மாவுக்கு மனம் சரியில்லை. நாங்கள் விடிய வெளிக்கிடுறம்” என்றார்.

சரி என்று திரும்பி வந்தேன். மகள் என் வெறுங்கையைப் பார்த்தாள். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

காலையில் அவர்களுடைய இடம் வெறுமையாக இருந்தது. ட்ரெயிலர் நின்ற சரளைக்கற்கள் மட்டும் நீள்சதுரமாக உலர்ந்திருந்தன. நாங்கள் புறப்படுவதற்குள் அவையும் நனைந்துவிட்டன. வண்டியை மட்டப்படுத்தத் தந்த கட்டைகளை அவர் திருப்பி எடுக்கவில்லை. மச்சாளின் கணவர் அவற்றை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு வந்தார்.

பிறகு தொலைபேசிப் பேச்சுகள் நின்றன. அவர் வேறிடத்தில் மணம் செய்துகொண்டார் என்று மச்சாள் சொன்னார். என் மகள் ஏஜாக்ஸில் ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் மருந்துகளைப் பிரித்து வைத்துவிட்டுப் போகிறாள், மரியாதைக்குக் குறைவில்லை. ஒரு முறை மட்டும், வாசலில் சப்பாத்து மாட்டும்போது, “ஒரு வாய் குடிச்சிருக்கலாம் அப்பா” என்றாள். சம்பந்தம் பேச என்னை இப்போது எவரும் அழைப்பதில்லை. இரங்கலுரைக்கும் வேறொருவரைப் பிடித்துவிட்டார்கள்.

கோப்பையை வாங்கி, அந்த அம்மாவின் கண்முன்னே கூழை மண்ணில் ஊற்றினேன் என்கிறார்கள். கோப்பையை நான் வாங்கவே இல்லை. அவர்கள் இன்னார் என்பதை அங்கு போன பிறகு அறிந்து, அதன்பிறகே மறுத்தேன் என்றும் சொல்கிறார்கள். அது பிழை. மச்சாள் அந்தச் சம்பந்தத்தைச் சொன்ன அன்றே ஊரும் குடும்பமும் விசாரித்தேன். இன்னார் என்று தெரிந்துகொண்டுதான் அந்த வண்டியில் ஏறினேன்.