மச்சாளுக்கென்று அடுக்கிய விறகு

“...அந்த ஒரு விண்டரில ரெண்டு விண்டருக்குரிய விறகு போச்சு. அதுவும் காணாமல் வேலிக் கட்டையளையும் பிடுங்கி எரிச்சம்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

எங்கள் வரவேற்பறையின் நடுவில் சப்பாத்தையும் கழற்றாமல் நின்றாள். சப்பாத்திலிருந்த பனி உருகி நிலத்தில் ஊறிக்கொண்டிருந்தது. என் கணவர் சோபாவில் கம்பளியைப் போர்த்தபடி இருந்தார். அவள் நொஸ்க்கில், அதாவது நோர்வே பாஷையில், சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். அவளுடைய பாஷையில் ‘நீங்கள்’ இல்லை, ராசாவுக்கும் நீதான், எனக்கும் நீதான். ஆகவே எனக்கும் அவள் ‘அவள்’தான்.

அவள் கதை சொல்ல வரவில்லை, ஏச வந்தவள். “கிறிஸ்மஸுக்கு நிண்ட விறகு ஒரு கட்டை குறையாமல் அப்பிடியே நிக்குது. உங்கட புகைக்கூட்டில பனி குந்திக்கொண்டிருக்கு. வெளியில மைனஸ் பதினேழு. உள்ளுக்கு ஆக்கள் இருக்கிறியளோ, இல்லையோ?” என்று கேட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். நான் காரணத்தைச் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் தான் பிறந்த வீட்டின் விறகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவள் கதைக்கு முதல் எங்கள் கதையைச் சொல்லவேண்டும்.

அம்மருட் என்ற புறநகரில் உயரமான பிளாக்குகளில் ஒன்றில் ஏழு வருடம் இருந்துவிட்டு, அவற்றுக்குக் கீழேயுள்ள வரிசை வீடொன்றுக்கு நாங்கள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிளாக்கில் சூடு குழாயில் வரும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இந்த வீட்டில் சுவரில் கரண்ட் ஹீட்டர் இருந்தாலும் கடுங்குளிருக்கு அது போதாது. வரவேற்பறை மூலையில் கறுப்பு இரும்பு அடுப்பு ஒன்று நின்றது. ஒரு வீடு ஒரு குளிர்காலத்துக்கு எவ்வளவு விறகு எரிக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் வருடம் பதினைந்து மூட்டை வாங்கி, ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்ததுபோல் அடுக்கினோம். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தாள். “நல்ல வடிவாயிருக்கு. இது முடிய எதை எரிக்கப் போறாய்? கதிரையையோ?” என்றாள். புதுவருடம் பிறக்க முதலே விறகு முடிந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து நாற்பது மூட்டை. சாதாரண நாளில் மூட்டையில் கால்வாசி போகும். ஜனவரியில் குளிர் பிடித்தால் நாளுக்கு ஒரு மூட்டையையும் அடுப்பு விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கு முழுவதையும் உலகத்தில் எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவள் என் மச்சாள், கணவருடைய தங்கச்சி. அவர்கள் மட்டக்களப்பு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வீடு. நான் யாழ்ப்பாணம். நான் சாதாரணமாகக் கதைத்தாலே சண்டை பிடிப்பதுபோல் இருக்கிறதென்று அவர் சொல்லுவார். மச்சாள் சின்னப்பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு நடத்தினாள். கல்யாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்போம். சுகம் விசாரிக்க முதலே, “அண்ணா, இந்தக் கிழமை எத்தின மூட்டை?” என்பாள். ஐரோப்பாவுக்குப் போயும் விறகு சுமக்கிற ஒரே ஆள் தன் அண்ணன்தான் என்று பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தாள். என்னிடம், “மச்சாள், நீங்க ஒரு குளிருக்கு எரிக்கிற விறகில நான் ஒரு ஊருக்கே கல்யாணச் சோறு ஆக்கிப் போடுவன்” என்றாள். ஆட்கள் சொல்கிற நல்ல கதைகளைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குண்டு. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்த தாள்களில் பாதி அவள் சொன்னதுதான்.

காய்ந்த விறகா என்று பார்க்க இங்கே இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவார்கள். ஈர விறகு மந்தமாகச் சத்தம் போடும். காய்ந்தது ‘டொங்’ என்று கேட்கும். இதை ஒருநாள் அவர் சொல்லப்போக, அந்தச் சத்தத்தைத் தான் கேட்டே ஆகவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நான் றிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டைகளைத் தட்டினார். பிறகு, “இன்னொருக்கா தட்டுங்க அண்ணா” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தட்டவேண்டி வந்தது.

அந்த வருடம் அவளுக்கு விசா கிடைத்தது. கோடையில் வா என்றோம். “வெயில் எனக்கு இஞ்சயே கிடக்கு. நான் வாறது அந்த அடுப்புக்கு முன்னால குந்தி இருக்க” என்று பெப்ரவரிக்கு ரிக்கெற் போட வைத்தாள்.

செப்டெம்பரில் கணவர் நாற்பது மூட்டைக்கு மேல் எட்டு மூட்டை எடுப்பித்தார். ஒரு ஆள் கூட வருவதால் எட்டு மூட்டை கூடவாம். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். “அடுப்புக்கு ஆள்கணக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் அதே விறகு, பத்துப் பேருக்கும் அதே விறகு” என்றாள். அவர் கேட்கவில்லை. அந்த எட்டு மூட்டையையும் கதவுக்குப் பக்கத்தில் தனியாக அடுக்கினார். யாரும் தொடக்கூடாது, அது தங்கச்சியின் விறகு.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அவளுக்கு ஒரு தடித்த கோட்டும் வாங்கினோம். பதினான்கு வருடமாக அவளை நேரில் கண்டதில்லை. மெலிந்தவள் என்று அவர் கைகளால் ஒரு அளவு காட்ட, படத்தில் பார்த்தால் அப்படி இல்லை என்று நான் வேறொரு அளவு காட்ட, கடைக்காரப் பெண் நடு அளவொன்றை எடுத்துத் தந்தாள். அளவு சரிவராவிட்டால் மாற்றலாம் என்று விலைச்சீட்டை வெட்டவில்லை. நல்ல சிவப்பு. பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினேன். “இதைப் போட்டால் பனிப்புயலிலயும் ஆள் தொலையாது” என்றாள். அதையும் கலண்டர் தாளில் எழுதி வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் கடல் வந்தது.

காலையிலிருந்து ரெலிபோன் போகவே இல்லை. ரெலிவிஷனில் தாய்லாந்தைத்தான் காட்டினார்கள். மூன்றாம் நாள் அவருடைய சிநேகிதர் ஒருவர் ஊரிலிருந்து எடுத்தார். வீடு நின்ற இடத்தில் சீமெந்து நிலம் மட்டும் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கோயில்கள் எல்லாம் நடந்து நடந்து தேடினாராம். உயிரோடு இருப்பவர்களிலும் அவள் இல்லை, எடுத்த உடல்களிலும் அவள் இல்லை. பலரை அடையாளம் காணமுதலே புதைத்துவிட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் அடுப்பு மூட்டக் குனிந்தேன். “மூட்டாத, புள்ள” என்றார். “அவள இன்னும் எடுக்கல்லையே.”

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செத்த வீட்டில் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை, அயலட்டைதான் சமைத்துக் கொண்டுவரும். கரண்ட் குக்கரில் நெருப்பு இல்லையென்று அதற்கு மட்டும் விட்டுவிட்டார். இரும்பு அடுப்பு மூட்ட வைத்திருந்த நெருப்புப்பெட்டியை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதல் கிழமை பிளாக்குகளிலிருந்து தமிழ் ஆட்கள் சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். பிறகு வரவு குறைந்தது. அவர்களையும் குறை சொல்ல ஏலாது. ஊரில் என்றால் பிரேதம் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ போய்விடும். உடலே இல்லாத செத்த வீட்டுக்கு எத்தனை நாளைக்குச் சமைப்பது?

ஜனவரி நடுவில் கடுங்குளிர் பிடித்தது. ஹீட்டர் முழுவதையும் போட்டும் வீட்டுக்குள் பன்னிரண்டு பாகைக்கு மேல் ஏறவில்லை. எட்டு வயது மகள் ஸ்கூலுக்குப் போடுகிற பனி உடுப்போடேயே ஹோம்வேர்க் செய்தாள். வாசல் நடையில் நின்று வாயால் புகைவிட்டு, தான் லில்லெஸ்ட்ரோம் போகிற ரெயின் என்றாள். ஆருக்கும் சிரிப்பு வரவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம், பிறகு அடுப்பு மூட்டலாம் என்று கோயில் ஐயர் சொல்லி அனுப்பினார். என் கணவர் கேட்டுவிட்டு, “புல்ல எரிச்சுப்போட்டு அவளை எரிச்சனெண்டு சொல்லவா?” என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். மகள் இருமிக்கொண்டிருந்தாள், எனக்கும் பொறுமை போய்விட்டது. “அவ செத்துப்போனா எண்டு நினைச்சுத்தானே அடுப்பை மூட்டாமல் இருக்கிறீங்கள்? பிறகேன் எரிக்கமாட்டன் எண்டுறீங்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நெஞ்சுக்குள் நிற்கிறது. அதோடு அவர் கதைப்பதை விட்டுவிட்டார். நான் கேட்டது பிழை இல்லை. ஆனால் கேட்டிருக்கக்கூடாது. அடுப்பை மூட்டினால் அவளை வீட்டைவிட்டு அனுப்பியாயிற்று. மூட்டாவிட்டால் அவள் செத்தாயிற்று. இரண்டையும் செய்ய ஏலாமல்தான் அந்த மனிசன் கம்பளிக்குள் இருந்தார்.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த நொஸ்க்கில் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எப்ப எடுப்பியள்?”

“கிடைச்சால்” என்றேன்.

அவள் கையுறைகளைக் கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் வைத்தாள். பிறகு, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். இந்த நாட்டின் வடக்கில் ஒரு மீன்பிடிக் கிராமம். அவளுக்கு ஏழு வயது. ஒரு ஜனவரியில் படகு கரைக்கு வந்தது, தகப்பன் வரவில்லை. தாய் அன்றையிலிருந்து அடுப்பை அணையவே விடவில்லையாம். விடியவும் எரியும், மத்தியானமும் எரியும். ஊர்ச்சனம் வந்து இப்படி விறகைக் கொட்டினால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டதாம். அப்படித்தான் அந்த ஒரு குளிர்காலத்தில் இரண்டு குளிர்காலத்து விறகு போனது, வேலியும் போனது.

“ஏன்?” என்று நான்தான் கேட்டேன்.

“வந்தால் நனைஞ்சுதானே வருவார் எண்டு சொன்னவ. அவற்ற காய்ஞ்ச சட்டையை அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில போட்டு வைப்பா. ஒவ்வொரு நாளும்.”

கணவர் தலையை நிமிர்த்தினார். “வந்தாரா?” என்று நொஸ்க்கில் கேட்டார். நாலு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

“இல்லை” என்றாள் அவள். “ஆனா நாங்கள் நாலு பிள்ளையளும் குளிரில சாகேல்லை.”

ஆறுதல் சொல்வதுபோல் அவள் அதைச் சொல்லவில்லை. ஏசுகிற குரலில்தான் சொன்னாள்.

என் மச்சாளும் வரவில்லை. எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் வரவில்லை, எந்தக் கடிதமும் வரவில்லை. அந்த ஜனவரி முடிவிலிருந்து ஏப்ரல் வரைக்கும் எங்கள் அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. நாற்பத்தெட்டு மூட்டையும் முடிந்து, பக்கத்து வீட்டுக்காரியின் அடுக்கிலிருந்தும் எடுத்தோம். அவள் ஒருநாளும் ஏனென்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விறகு எடுக்க வெளியே போனால் இரண்டு கட்டைகளைத் தட்டுகிற சத்தம் கேட்கும். நான் யன்னல் பக்கம் போவதில்லை.

ஆனால் அன்றைக்கு அது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அவள் வெளியே போய் இரண்டு கை நிறைய விறகோடு வந்தாள். கதவுக்குப் பக்கத்து அடுக்கிலிருந்து எடுத்திருந்தாள். அது மச்சாளின் விறகு என்று சொல்ல நான் வாயெடுக்க, அவர் கையால் வேண்டாம் என்றார். அவள் முழங்காலில் இருந்து, எப்போதும் செய்வதுபோல் இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். டொங் என்றது. பிறகு அவற்றை அடுப்புக்குள் வைத்து, மேலே மரப்பட்டையைக் கிழித்துப் போட்டு, காற்றுத் திறப்பை இழுத்துவிட்டு, நெருப்புப்பெட்டி எங்கே என்று சுற்றிப் பார்த்தாள்.

அவர் எழும்பினார். சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது பற்றியது. பட்டை சுருண்டு கறுத்து, நெருப்பு மெல்லக் கட்டைகளில் ஏறியது. அவர் அப்படியே குந்தியிருந்து அடுப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதார் என்று எனக்கு முதுகைப் பார்த்தே தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எழும்பி அப்போதுதான் சப்பாத்துகளைக் கழற்றினாள். காலுறையோடு நடைக்குப் போய், கொளுவியிலிருந்த சிவப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கோட்டின் உள்பக்கம் நெருப்பைப் பார்க்கிற மாதிரி விரித்து, அதன் மேல் போட்டாள்.